பூனை நக்கி நக்கி வயிறு மொட்டையானால் அது மனக்கவலையா, தோல் நோயா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் சுருக்கிச் சொல்கிறேன். மூன்று வயதுப் பெண் பூனை, கருத்தடை ஆகிவிட்டது, வெளியே போவதில்லை. இரண்டு மாதத்துக்கு முன் வீடு மாறினீர்கள். அதன் பிறகு அடிவயிற்றிலும் பின்னங்கால்களின் உட்புறத்திலும் முடி போய்விட்டது. வால் தொடங்கும் இடத்தில் முதுகைத் தடவினால் மணல்போலப் பொருக்குகள் தட்டுப்படுகின்றன. அங்கே கை பட்டாலே திரும்பி வெடுக்கென்று கடிக்க வருகிறது. தெள்ளுப்பூச்சி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. வீட்டில் ஒரு நாயும் இரண்டு வயதுக் குழந்தையும் உண்டு. பார்ப்பவர்கள் எல்லோரும் ‘வீடு மாறிய ஏக்கம்’ என்கிறார்கள். நாய்க்கு வாங்கிய சொட்டு மருந்தில் கொஞ்சம் பூனைக்கு விடலாமா, குழந்தைக்கு ஒட்டுமா, பூனைக்கு உங்கள்மேல் கோபமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: இது மனதிலிருந்து வருகிறதா, தோலிலிருந்து வருகிறதா?

அதற்குப் போவதற்கு முன் ஒன்றை அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். நாயின் சொட்டு மருந்தைப் பூனைக்கு ஒரு துளிகூட விடாதீர்கள். நாய்களுக்கென்று விற்கும் பல சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி அடர்த்தியாக இருக்கும். நாயின் உடல் அதைச் சமாளித்துவிடும். பூனையின் கல்லீரலுக்கு அதை முறித்து வெளியேற்றும் திறன் குறைவு. சில மணி நேரத்தில் காதும் முகமும் துடிக்கத் தொடங்கும், உடம்பு நடுங்கும், வலிப்பு வரும், உயிரும் போகலாம். ‘கொஞ்சமாக விட்டால் ஒன்றும் ஆகாது’ என்ற கணக்கு இங்கே செல்லாது. நாய்க்கு அந்த மருந்து விட்டிருந்தால் இரண்டு மூன்று நாள் இரண்டையும் ஒன்றாகப் படுக்கவிடாதீர்கள், உரசினாலும் ஒட்டும், நக்கினாலும் உள்ளே போகும். ஏற்கெனவே பூனைக்கு விட்டுவிட்டீர்கள் என்றால், பாத்திரம் கழுவும் திரவ சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் கொண்டு அந்த இடத்தைக் கழுவிவிட்டு, நடுக்கம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் ஓடுங்கள். இதே காரணத்தால்தான் பாராசிட்டமாலும் பூனைக்கு விஷம், ஒரே மாத்திரை போதும் உயிரைப் பறிக்க. டீ ட்ரீ போன்ற வாசனை எண்ணெய்களையும் தோலில் தடவாதீர்கள். தடவும் எதையும் பூனை அரை மணி நேரத்தில் வயிற்றுக்குள் அனுப்பிவிடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இருபது வருடத்துக்கு மேலாகக் கால்நடை மருத்துவம் பார்க்கிறேன், அதில் பெரும்பகுதி பூனைகளோடுதான். உங்கள் பூனையை நான் தொட்டுப் பார்க்கவில்லை. அதனால் கீழே சொல்வது நோயின் பெயர் அல்ல, எந்தத் திசையில் தேட வேண்டும் என்பது மட்டும்தான். அந்தத் திசையைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு: தோலை முழுவதும் தேடி முடிக்காமல் ‘மன அழுத்தம்’ என்ற சொல்லை ஒரு பூனையின்மேல் ஒட்டக் கூடாது. 2006-இல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. மனக் காரணத்தால் முடியை நக்கிப் போக்கிக்கொள்கின்றன என்று முடிவுகட்டி அனுப்பப்பட்ட 21 பூனைகளைத் தோல் நிபுணர்களும் நடத்தை நிபுணர்களும் சேர்ந்து மறுபடி முதலிலிருந்து ஆராய்ந்தார்கள். அவற்றில் 16 பூனைகளுக்கு இருந்தது உடல் நோய். மூன்றுக்கு உடலும் மனமும் இரண்டும் காரணம். மனம் மட்டுமே காரணம் என்று நின்றவை இரண்டே இரண்டு. 21 என்பது சிறிய எண்ணிக்கைதான், அதை வைத்து எல்லாப் பூனைகளுக்கும் விகிதம் போட முடியாது. ஆனால் என் மேசைக்கு வரும் பூனைகள் சொல்வதும் அதே பக்கம்தான்.

ஏன் இத்தனை பேர் தவறாக நினைக்கிறார்கள் என்றால், பூனை அரிப்பைக் காட்டும் விதம் அப்படி. நாய்க்கு அரித்தால் காலைத் தூக்கிப் பரபரவென்று சொறியும், பார்க்கிறவருக்கு உடனே புரியும். பூனை நக்கும். நக்குவது அதன் அன்றாட வேலை. அதனால் அளவு மீறிப்போனது நம் கண்ணில் படாது, ‘எவ்வளவு சுத்தமான பூனை’ என்றுகூட மகிழ்ந்துகொண்டிருப்போம். பல பூனைகள் ஆள் இல்லாத நேரத்திலும் நள்ளிரவிலும்தான் தீவிரமாக நக்கும். நக்குவதையே பார்க்காத வீடுகளில் ‘முடி தானாகக் கொட்டுகிறது’ என்று சொல்வார்கள். அதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. மொட்டையான இடத்தின் ஓரத்தில் முடியின் போக்குக்கு எதிராக விரலை ஓட்டிப் பாருங்கள். மழித்த தாடைபோலச் சொரசொரப்பாக இருந்தால் முடி உதிரவில்லை, நடுவில் ஒடிந்திருக்கிறது என்று பொருள். மருத்துவர் நாலு முடியைப் பிடுங்கி நுண்ணோக்கியில் பார்த்தால் நுனி கூராக இருக்கிறதா, ஒடிந்திருக்கிறதா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். முடிக்கட்டியை வாந்தி எடுப்பது சமீபத்தில் அதிகமாகியிருந்தால் அதுவும் சாட்சி.

அந்த நாக்கைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அடுத்து வருவது புரியாது. பூனையின் நாக்கில் பின்னோக்கி வளைந்த முட்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அவை நகம்போலவே கெரட்டினால் ஆனவை. ஒவ்வொரு முள்ளின் நுனியும் சின்னக் கரண்டிபோலக் குழிந்திருக்கிறது, அந்தக் குழியில் எச்சில் ஏறி முடியின் அடிவரை இறங்குகிறது என்று 2018-இல் ஜார்ஜியா டெக் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். ஒரு சீப்பும் ஒரு தூரிகையும் சேர்ந்த கருவி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கருவி தெள்ளுப்பூச்சிகளை வாரி எடுத்து விழுங்கிவிடும். தெள்ளு நிறைந்த ஒரு வீட்டில் சில பூனைகளுக்கு மட்டும் நக்க முடியாதபடி கழுத்தில் கூம்பு மாட்டிச் சோதித்தார்கள். மூன்று வாரத்தில், கூம்பு மாட்டிய பூனைகளிடம் இருந்த தெள்ளுகள் மற்றவற்றைவிட ஏறக்குறைய இருமடங்கு. ஆகவே ‘தெள்ளு கண்ணில் படவில்லை’ என்பது தெள்ளு இல்லை என்பதற்கு ஆதாரம் ஆகாது. அதிலும் ஓயாமல் நக்கும் பூனைதான் தன் உடம்பிலிருந்து ஆதாரத்தை அழித்துக்கொண்டே இருக்கும் பூனை.

நீங்கள் சொன்ன அடையாளங்களைக் கேட்டதும் என் மனதில் முதலில் வருவது தெள்ளுக்கடி ஒவ்வாமை. தெள்ளு கடிக்கும்போது அதன் எச்சில் தோலுக்குள் போகிறது. அந்த எச்சில் சில பூனைகளுக்கு ஒத்துக்கொள்வதில்லை. உடம்பு முழுக்கத் தெள்ளு ஊர வேண்டியதில்லை, எப்போதாவது விழும் சில கடிகளே அரிப்பை நாள்கணக்கில் நீட்டிவிடும். முதுகில் வால் அடி, பின்தொடை, அடிவயிறு ஆகியவை இதற்கு மிகப் பழக்கமான இடங்கள். அந்த மணல்போன்ற பொருக்குகளை மருத்துவத்தில் தினையின் பெயரால் அழைக்கிறார்கள், தோலில் தினையைத் தூவியதுபோல இருப்பதால். ஆனால் ஒரு எச்சரிக்கை. பூனையின் தோல் எந்தத் தொல்லை வந்தாலும் ஏறக்குறைய நான்கு விதமாகத்தான் முறையிடும்: தலையையும் கழுத்தையும் இரத்தம் வரச் சொறிவது, இந்தத் தினைப் பொருக்கு, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முடி போவது, மேலுதட்டில் புண்ணாகவோ வயிற்றிலும் தொடையிலும் சிவந்த ஈரத் தடிப்பாகவோ வெளிப்படுவது. தெள்ளு, உணவு, காற்றில் வரும் ஒவ்வாமை, நுண்ணிய உண்ணிகள், இவற்றில் எதுவும் இந்த நான்கில் எந்த வடிவத்திலும் வரலாம். அதனால்தான் படத்தைப் பார்த்து நோயின் பெயர் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. நானும் சொல்ல மாட்டேன்.

வெளியே போகாத பூனைக்குத் தெள்ளு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். இரண்டு வழிகள் உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன. ஒன்று, நாய். பூனையின்மேல் வாழும் தெள்ளும் நாயின்மேல் அதிகம் காணப்படும் தெள்ளும் பெரும்பாலும் ஒரே இனம்தான். இரண்டாவது, அந்தப் புதிய வீடு. தெள்ளின் முட்டை உடம்பில் ஒட்டாது, உதிர்ந்து தரையில் விழும். ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40, 50 முட்டைகூட இடும். முட்டையிலிருந்து வரும் புழு வெளிச்சத்துக்கு அஞ்சி விரிப்பின் அடியிலும் தரை இடுக்கிலும் போய்க் கூடு கட்டும். கூட்டுக்குள் முழுப் பூச்சியாகிவிட்டாலும், வெளியே இரை இல்லையென்றால் மாதக்கணக்கில் அப்படியே காத்திருக்கும். யாராவது நடக்கும் அதிர்வு, உடம்புச் சூடு, மூச்சுக் காற்று, இவை பட்டதும் வெளியே பாயும். முன்பு குடியிருந்தவர்கள் நாயோ பூனையோ வளர்த்திருந்து, வீடு சில வாரம் பூட்டிக் கிடந்து, பிறகு நீங்கள் குடிபுகுந்திருந்தால் இதுதான் நடந்திருக்கும். ஆக, வீடு மாறியதுதான் காரணம் என்று சொல்கிறவர்கள் சரியாகவே சொல்லியிருக்கலாம், காரணம் ஏக்கமாக இல்லாமல் தரை இடுக்கில் இருந்திருக்கலாம். முன்பு அங்கே விலங்கு இருந்ததா என்று வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அந்தப் பதில் ஒரு பரிசோதனைக்குச் சமம்.

இன்றைக்கே நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பேன் சீப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வெள்ளைத் தாளை விரித்து அதன்மேல் பூனையை நிற்கவைத்து, வால் அடியிலிருந்து இடுப்புவரையும் தாடைக்குக் கீழேயும் மெதுவாக வாருங்கள். விழும் தூசியை நனைத்த வெள்ளைப் பஞ்சில் ஒற்றி ஒரு நிமிடம் விடுங்கள். மிளகுத்தூள்போன்ற கருப்புத் துகளைச் சுற்றிச் செம்பழுப்பு நிறம் பரவினால் அது தெள்ளின் கழிவு, அதாவது செரித்த இரத்தம். பரவாவிட்டால் வெறும் அழுக்கு. நாயையும் இதேபோல வாருங்கள், பல நேரம் பூனையில் கிடைக்காத விடை நாயில் கிடைக்கும். பூனையின் ஆசனவாயைச் சுற்றியோ படுக்கையிலோ காய்ந்த அரிசிமணிபோல ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். அது நாடாப்புழுவின் துண்டு. அந்தப் புழு தெள்ளை விழுங்குவதால் வருவது, எனவே அது இருந்தால் தெள்ளும் இருந்தது என்று அர்த்தம். இத்தனையும் தேடி ஒன்றும் கிடைக்காவிட்டாலும் நான் தெள்ளை விடமாட்டேன். மருத்துவர் எடைக்கேற்ப எழுதிக்கொடுக்கும், பூனைக்கென்றே தயாரித்த மருந்தை (செலமெக்டின், ஃப்ளூராலனர் போன்றவை) தவறாமல் மூன்று மாதம் கொடுத்துப் பார்ப்பேன். நாய்க்கும் அதே காலம் அதற்குரிய மருந்து. ஒன்றுக்குக் கொடுத்து ஒன்றை விட்டால் எல்லாம் வீண். படுக்கைத் துணிகளை வாரம் ஒருமுறை சூடான நீரில் துவையுங்கள், வேக்குவம் கிளீனரைச் சுவரோரமும் கட்டிலின் அடியும் விடாமல் ஓட்டுங்கள். மருந்து கொடுத்தபின் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் திடீரென்று நிறையத் தெள்ளு தென்பட்டால் மருந்து பலிக்கவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். கூட்டுக்குள் இருந்தவை வெளியே வருகின்றன, அவ்வளவுதான். வந்தவை பூனைமேல் ஏறினால் சாகும்.

குழந்தையைப் பற்றி. ஒவ்வாமை யாருக்கும் ஒட்டாது. தெள்ளு இருந்தால் குழந்தையின் கணுக்காலில் கடிக்கும், அரிக்கும், தெள்ளு ஒழிந்ததும் அது நின்றுவிடும். நீங்கள் கவனிக்க வேண்டியது படர்தாமரை. பூனைகளுக்கு வரும் படர்தாமரைக்குப் பெரும்பாலும் மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற பூஞ்சைதான் காரணம். அது மனிதருக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, எளிதில் ஒட்டும். குட்டிகளிலும் நீள முடிப் பூனைகளிலும்தான் அதிகம் பார்க்கிறோம். முகம், காது, முன்னங்கால்களில் வட்டமாக முடி போய்ச் சாம்பல்போலச் செதில் படிந்திருப்பது வழக்கமான தோற்றம். உங்கள் பூனையின் வயது, இடம், பொருக்கின் தன்மை மூன்றும் அதற்கு நேர்ப்பொருத்தம் இல்லை. ஆனால் படர்தாமரை பலப்பல வேடம் போடும், குழந்தை வேறு இருப்பதால் சோதித்துவிடுவதே நல்லது. இருட்டறையில் வுட்ஸ் விளக்கு என்ற புற ஊதா விளக்கைப் பிடித்தால் பாதித்த முடியின் தண்டு பச்சை ஆப்பிள் நிறத்தில் ஒளிரும். ஒளிர்ந்தால் நல்ல துப்பு, ஒளிராவிட்டால் இல்லை என்று ஆகிவிடாது. சந்தேகம் மிஞ்சினால் முடியை எடுத்துப் பூஞ்சை வளர்ப்புக்கு அனுப்புவார்கள், விடை வர ஒன்றிலிருந்து மூன்று வாரம் ஆகலாம். வீட்டில் யார் தோலிலாவது ஓரம் தடித்து நடுவில் வெளுத்த சிவப்பு வட்டம் வந்திருந்தால் பூனையின் மருத்துவரிடமும் அதைச் சொல்லுங்கள். பூனையை வீட்டைவிட்டு அனுப்ப வேண்டிய நோய் அல்ல இது. மருந்துக்குக் கட்டுப்படும், பொறுமைதான் அதிகம் வேண்டும்.

நுண்ணிய உண்ணிகளைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் பல தெரிந்துவிடும். மேலே சொன்ன தெள்ளு மருந்துகளில் சில அவற்றில் பலவற்றையும் கொல்லும். காதுக்குள் காபித்தூள்போலக் கரும் அழுக்கு இருந்தால் காது உண்ணி. காது மடல் ஓரத்தில் தொடங்கி முகமெல்லாம் தடித்த சாம்பல் பொருக்கு ஏறினால் சொறி. உங்கள் வர்ணனையில் இரண்டும் இல்லை.

உணவு ஒவ்வாமைதான் மிகக் குழப்பமான பகுதி. தெள்ளு மருந்தை ஒழுங்காகக் கொடுத்தும் அரிப்பு நிற்காவிட்டால் அங்கே போக வேண்டும், அதற்கு முன் அல்ல. இதைக் கண்டுபிடிக்க நம்பகமான வழி ஒன்றுதான்: இதுவரை சாப்பிடாத புரதம் உள்ள உணவையோ புரதத்தைத் துண்டாக்கித் தயாரித்த சிறப்பு உணவையோ மட்டும் எட்டு வாரம் கொடுத்து, அரிப்பு குறைந்தால் பழைய உணவைத் திரும்பக் கொடுத்து, அரிப்பு மீண்டும் வருகிறதா என்று பார்ப்பது. இரத்தம், எச்சில், முடி ஆகியவற்றை அனுப்பி உணவு ஒவ்வாமையைச் சொல்லும் சோதனைகளை நம்பிப் பணம் கட்டாதீர்கள். ஆரோக்கியமான பூனைக்கும் அவை ஒவ்வாமை என்று சொல்லிவிடும். பூனைகளில் அதிகம் பதிவானவை மாட்டிறைச்சி, மீன், கோழி. ‘தானியம்தான் காரணம்’ என்று பலர் சொல்வது அந்தப் பட்டியலோடு பொருந்தவில்லை. புது உணவைப் பூனை தொடாவிட்டால் ‘பசித்தால் தின்னும்’ என்று விட்டுவிடாதீர்கள். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே பூனையின் கல்லீரலில் கொழுப்பு ஏறி உயிருக்கு ஆபத்தாகும், பருத்த பூனை என்றால் இன்னும் மோசம்.

அடிவயிறு மட்டும் மொட்டையானால் நான் எப்போதும் கேட்கும் ஒரு கேள்வி உண்டு: சிறுநீர் எப்படிப் போகிறது? சிறுநீர்ப்பை வலிக்கும் பூனை அந்த வலிக்கு நேர் மேலே இருக்கும் தோலை நக்கும். அடிக்கடி லிட்டர் தட்டுக்குப் போவது, போய்ச் சொட்டுச் சொட்டாக விடுவது, தட்டுக்கு வெளியே போவது, இரத்தம் கலந்திருப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் சிறுநீர்ப் பரிசோதனை தேவை. மன அழுத்தம் உண்மையிலேயே உடம்பைத் தாக்கும் இடம் இது, பூனைகளின் சிறுநீர்ப்பை அழற்சியில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. உங்களுடையது பெண் பூனை. இதைப் படிக்கும் யாரிடமாவது ஆண் பூனை இருந்து, அது முக்கி முக்கியும் சிறுநீர் வராமல் தவித்தால் காலைவரை காத்திருக்காதீர்கள். அடைப்பு ஓரிரு நாளில் உயிரைக் குடித்துவிடும்.

உங்கள்மேல் கோபமா என்று கேட்டீர்களே, அந்த வரியைப் படித்தபோது மனது கனத்தது. இல்லை. வால் அடியில் தோல் புண்ணாக எரியும்போது அங்கே கை பட்டால் பூனைக்கு வேறு எப்படிச் சொல்லத் தெரியும்? கடிப்பதற்கு முன்பும் அது சொல்லியிருக்கும்: வால் நுனி டக் டக்கென்று அடிக்கும், காதுகள் பக்கவாட்டில் திரும்பும், முதுகுத் தோல் அலைபோல நெளியும், தலை உங்கள் கையை நோக்கித் திரும்பும். அந்த நான்கில் முதலாவது தெரிந்ததும் கையை எடுத்துவிடுங்கள். தோல் ஆறும்வரை கன்னம், தாடை, நெற்றி மட்டும் தடவுங்கள். அங்கேதான் அதன் வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன, பெரும்பாலான பூனைகள் விரும்புவதும் அங்கேதான். மல்லாந்து வயிற்றைக் காட்டுவது நம்பிக்கையின் அடையாளம், வயிற்றைத் தடவச் சொல்லும் அழைப்பு அல்ல. புர்ரென்ற சத்தத்தையும் மகிழ்ச்சி என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள், வலியில் துடிக்கும் பூனைகளும் என் மேசையில் அந்தச் சத்தம் எழுப்பியிருக்கின்றன. நட்பைச் சொல்ல வேறு வழி உண்டு: கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, அதைப் பார்த்துக் கண்களை மெதுவாகச் சுருக்கி மூடித் திறங்கள். அப்படிச் செய்தால் பூனைகளும் பதிலுக்குக் கண்ணைச் சுருக்குகின்றன, அப்படிச் செய்தவரை நெருங்கவும் தயாராக இருக்கின்றன என்று சசெக்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2020-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. குழந்தையைத் தனியாகப் பூனையோடு விடாதீர்கள். கடி பட்டுவிட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி மனித மருத்துவரிடம் காட்டுங்கள். பூனைப்பல் ஊசிபோல ஆழமாக இறங்கும், மேலே சின்னதாகத் தெரியும் காயம் உள்ளே சீழ் பிடிக்கும்.

மன அழுத்தம் என்பதை நான் ஒதுக்கித் தள்ளவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வீடு மாறுவது பூனைக்குப் பெரிய இடிதான். அதன் உலகம் வாசனையால் ஆனது, அந்த வாசனை ஒரே நாளில் போய்விடுகிறது. ஏற்கெனவே அரிக்கும் தோலோடு இருக்கும் பூனை, கலக்கமும் சேர்ந்தால் இன்னும் அதிகம் நக்கும். அதனால் தோலுக்கு வைத்தியம் நடக்கும்போதே இதையும் செய்யுங்கள், இதில் கெடுதல் எதுவும் இல்லை. நாயால் எட்ட முடியாத உயரத்தில் ஓர் இடம், ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி, நாய் புகாத மூலையில் சாப்பாடும் லிட்டர் தட்டும். பழைய வீட்டில் அது படுத்த துணியைத் துவைக்காமல் வையுங்கள் என்றுதான் வழக்கமாகச் சொல்வேன், ஆனால் தெள்ளுச் சந்தேகம் இருக்கும்போது துவைப்பதே முக்கியம். தினமும் ஒரே நேரத்தில் இரண்டு தடவை பத்து நிமிடம் கயிறோ இறகோ வைத்து வேட்டை விளையாட்டு. நக்கும்போது அதட்டாதீர்கள், அதட்டினால் நீங்கள் இல்லாதபோது நக்கும். சுவரில் செருகும் ஃபெரோமோன் கருவி (பூனையை அமைதிப்படுத்தும் வாசனைப் பொருளைக் காற்றில் விடுவது) சில பூனைகளுக்கு உதவுகிறது, சிலவற்றுக்கு எந்த மாற்றமும் இல்லை, ஆய்வுகளும் ஒருமித்துச் சொல்லவில்லை. மன நல மாத்திரைகளும் பூனைகளுக்கு உண்டு, எழுதியிருக்கிறேன், பலித்தும் இருக்கிறது. ஆனால் எல்லாத் தேடலும் முடிந்து கை வெறுமையாக நின்ற பிறகு மட்டும்.

இந்தப் பிடிவாதம் எனக்கு எங்கிருந்து வந்தது என்றால், தொழிலுக்கு வந்த புதிதில் உங்கள் பூனையைப் போலவே ஒரு பூனை என்னிடம் வந்தது. வீட்டில் புதுக் குழந்தை, பூனைக்கு வயிறு மொட்டை. பொறாமை, ஏக்கம் என்று நானே சொன்னேன். அரிப்பு தாங்காமல் திரும்ப வந்தபோது நீண்டகால ஸ்டீராய்டு ஊசி போட்டேன், அழகாக முடி வளர்ந்தது. இரண்டு மாதத்தில் மறுபடி, மறுபடி ஊசி. ஒன்றரை வருடத்தில் அந்தப் பூனை அளவில்லாமல் தண்ணீர் குடிக்கத் தொடங்கியது, சர்க்கரை நோய். கடைசியில் தெள்ளு மருந்தை விடாமல் மூன்று மாதம் கொடுத்தபோது அரிப்பு நின்றது. அந்த வீட்டுக்காரர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை, அதனால்தான் இன்னும் மறக்க முடியவில்லை. ஸ்டீராய்டு கெட்ட மருந்து அல்ல. புண்ணாகிப் போன தோலுக்கு ஒரு குறுகிய காலம் மாத்திரையாகக் கொடுத்தால் பூனைக்குப் பெரும் நிம்மதி. ஆனால் காரணம் தெரியாமல் மாதாமாதம் ஊசியாகப் போட்டுக்கொண்டே போகக் கூடாது. படர்தாமரை இருக்கும் தோலில் போட்டால் நோய் இன்னும் பரவும். யாராவது ஊசியை எடுத்தால் ‘பூஞ்சை இல்லை என்று பார்த்துவிட்டீர்களா, இது எத்தனை வாரம் உடம்பில் நிற்கும்’ என்று இரண்டு கேள்வி கேளுங்கள். நல்ல மருத்துவர் தவறாக நினைக்க மாட்டார்.

வயதான பூனை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இடுப்பில் பொடுகும் சிக்கும் சேர்ந்து, உங்கள் பூனைக்கு நேர்மாறாக நக்குவதையே விட்டுவிட்ட பூனை என்றால் மூட்டுவலியையோ பருமனையோ சந்தேகியுங்கள், திரும்பி நக்க முடியவில்லை. வெள்ளைக் காது, வெள்ளை மூக்கு உள்ள பூனைக்கு அங்கே ஆறாத பொருக்கு இருந்தால் வெயிலால் வரும் புற்றாக இருக்கலாம், அதைத் தள்ளிப்போடக் கூடாது.

உங்கள் பூனைக்குத் திரும்புகிறேன். இந்த வாரத்துக்குள் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அன்று காலை குளிப்பாட்டவோ வாரவோ வேண்டாம், தடயம் எல்லாம் போய்விடும். தோலில் ஈரம் கசிந்தாலோ, நாற்றம் வந்தாலோ, சாப்பாட்டை விட்டுவிட்டு ஒதுங்கிப் படுத்தாலோ வாரம் என்பது அன்றைக்கே என்று ஆகட்டும். போகும்போது வீடு மாறிய தேதி, அரிப்பு தொடங்கிய தேதி, கொடுத்த உணவு, நாய்க்கு விட்ட மருந்தின் அட்டை, இவற்றை எடுத்துச் செல்லுங்கள். பஞ்சில் செம்பழுப்பு பரவியிருந்தால் அதையும் ஒரு படம் எடுத்துக் காட்டுங்கள். சிகிச்சை தொடங்கியபின் வாரம் ஒருமுறை, ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் வயிற்றைப் படம் எடுத்து வையுங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்கு மாற்றம் தெரியாது. அரிப்பு நின்றுவிட்டால் மூன்று நான்கு வாரத்தில் பூனைமயிர் பஞ்சுபோல எட்டிப் பார்க்கும், முழுவதும் மூட இரண்டு மூன்று மாதம் ஆகும். எட்டு வாரம் மருந்து தவறாமல் போயும் அந்தப் பஞ்சு வரவில்லையென்றால் படங்களோடு மறுபடி போங்கள், தெள்ளு மருந்தை நிறுத்தாமலே உணவுச் சோதனையை அங்கிருந்து தொடங்கலாம்.